பருத் தழும்புக்குத் தாது மாத்திரை: எப்போது, எவ்வளவு, எதற்காக

பரு ஆறி, கன்னத்தில் குழி விழுந்த பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, “தழும்பு போக ஜிங்க் மாத்திரை இருக்கா?” என்று கேட்கிறோம். துத்தநாகம் (ஜிங்க்), செம்பு, இரும்பு போன்ற தாதுக்கள் இல்லாமல் தோல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவை வேலை செய்யும் காலம், பரு சிவந்து வீங்கியிருக்கும்போதும் புண் ஆறிக்கொண்டிருக்கும்போதும்தான். விழுந்து பழகிய குழியை எந்த மாத்திரையும் உள்ளிருந்து நிரப்பாது. இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பணமும் மிச்சம், மனமும் நோகாது. புதிய தழும்பு விழாமல் காப்பதற்கும், இருக்கும் கறை சீக்கிரம் மங்குவதற்கும் தாதுக்களை எப்படிப் பயன்படுத்துவது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், அது தழும்புதானா என்று பாருங்கள்

இரவில் அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். செல்போன் டார்ச்சை நேராகப் பிடிக்காமல், காதுப் பக்கத்திலிருந்து கன்னத்தின் குறுக்கே ஒளி விழும்படி பிடியுங்கள். மேடு பள்ளம் இருந்தால் சின்னச் சின்ன நிழல் விழும். நிழலே விழவில்லை, ஆனால் பழுப்பாகவோ சிவப்பாகவோ புள்ளி தெரிகிறது என்றால் அது தழும்பு அல்ல, கறை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் இன்னும் உறுதியாகும்: கறையின் மேல் விரல் வழுக்கிக்கொண்டு போகும், குழியில் தடங்கும்.

நிழல் விழுகிறதென்றால் அடுத்த சோதனை. இரண்டு விரலால் அந்த இடத்துத் தோலை மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். பள்ளம் மறைந்துபோனால் அது அலை போன்ற ஆழமற்ற தழும்பு. அடியில் இருக்கும் நார்கள் தோலைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கின்றன. இழுத்தும் மறையாமல், ஊசியால் குத்தியதுபோல் குறுகி ஆழமாக நின்றால் அது வேறு வகை. விளிம்பு செங்குத்தாக, பெட்டிபோல் அகலமாக இருப்பது மூன்றாவது வகை. தாடை ஓரம், மார்பு, தோள்பட்டை ஆகிய இடங்களில் தழும்பு உள்ளே போகாமல் மேலே எழும்பிக் கெட்டியாகி அரித்தால், அது கெலாய்டாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

நம் மாநிறத்துக்கும் கருப்பு நிறத்துக்கும் கறைதான் அதிகம் படியும். தழும்பு என்று கவலைப்படும் பலருடைய முகத்தில் இருப்பது பெரும்பாலும் கறை. அது மாதக்கணக்கில் தானாகவே மங்கக்கூடியது என்பதால் இது நல்ல செய்தி.

தோலுக்குள் தாது என்ன செய்கிறது

பரு உள்ளே வீங்கும்போது மயிர்க்காலின் சுவர் உடைகிறது. அழற்சியில் வெளிப்படும் நொதிகள் சுற்றியுள்ள கொலாஜன் நாரை அரித்துவிடுகின்றன. பிறகு உடம்பு புது நார் நெய்கிறது. குறைவாக நெய்தால் குழி, அளவு மீறி நெய்தால் மேடு. இந்த நெசவில் இரும்புக்கும் வைட்டமின் சிக்கும் பங்கு உண்டு. கொலாஜன் இழை முறுக்கேற அவை வேண்டும். இழையோடு இழையைப் பிணைக்கும் நொதிக்குச் செம்பு வேண்டும். செல்கள் பெருகி இடத்தை நிரப்பவும், அழற்சியை அடக்கவும் துத்தநாகம் வேண்டும். சிமெண்ட் பூச்சு ஈரமாக இருக்கும்போது கொத்தனார் சரிசெய்வது எளிது, இறுகிய பிறகு எவ்வளவு மணல் கொண்டுவந்து கொட்டினாலும் பள்ளம் நிரம்பாது. தோலிலும் அப்படித்தான்.

துத்தநாகத்தின் அருமை மருத்துவ உலகுக்குத் தெரிந்தே அதிகக் காலம் ஆகவில்லை. பிகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், 1950களின் இறுதியில் ஈரானின் ஷிராஸ் நகரில், வளர்ச்சி நின்றுபோன இளைஞர்களைக் கவனித்தார். அவர்கள் பெரும்பாலும் ரொட்டியையே சாப்பிட்டவர்கள், இறைச்சி அபூர்வம். அந்த வளர்ச்சிக் குறைவுக்குப் பின்னால் துத்தநாகப் பற்றாக்குறை இருப்பதை அவரும் அவர் கூட்டாளிகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் காட்டினார்கள். 1977இல் சுவீடனில் மிக்கேல்சனும் அவர் குழுவினரும், வாய்வழி துத்தநாகம் முகப்பருவைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். பின்னர் 30 மில்லிகிராம் துத்தநாகத்தை மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டபோது, இரண்டுமே பருவைக் குறைத்தன. ஆனால் மினோசைக்ளின்தான் கூடுதல் பலன் தந்தது. ஆகவே துத்தநாகத்தைத் துணை மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பருவை அடக்குவதுதான் தழும்பு வைத்தியத்தின் முதல் பாதி

வாரம் இரண்டு புதுப் பரு வந்துகொண்டிருக்கும் முகத்தில் பழைய தழும்புக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதில் பயனில்லை. தொட்டால் வலிக்கிற, ஆழமான கட்டியாக வரும் பருவுக்கு மருத்துவரைத் தள்ளிப்போடவே கூடாது. குழி விழுவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: அழற்சி கடுமையாக இருப்பது, சரியான சிகிச்சை தொடங்கத் தாமதமாவது. மூன்றாவது காரணம் நம் கையில் இருக்கிறது, அது நகம். கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள்.

லேசான பருவுக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் ஆகியவற்றை மருத்துவர்கள் பொதுவாகத் தருவார்கள். அடாபலீனை இரவில், காய்ந்த முகத்தில், பட்டாணி அளவு மட்டும் பூச வேண்டும். முதல் சில வாரம் தோல் உரியும், அதற்காகப் பயந்து நிறுத்த வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக்கூடாது.

தட்டிலிருந்து தொடங்குங்கள்

இந்தியர்களுக்கான ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 17 மில்லிகிராம் துத்தநாகம், பெண்ணுக்கு சுமார் 13 மில்லிகிராம் வேண்டும். மேலைநாட்டு அளவைவிட இது அதிகம். நம் உணவில் தானியமும் பருப்பும் மிகுதி, அவற்றில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சப்படவிடாது. ஷிராஸ் இளைஞர்களின் ரொட்டியிலும் சிக்கல் இதுவே.

இதற்கு நம் சமையலறையிலேயே தீர்வு இருக்கிறது. ஊறவைத்தால் ஃபைட்டேட் குறையும், முளைகட்டினால் இன்னும் குறையும், புளிக்கவைத்தால் நன்றாகவே குறையும். இரவு முழுக்கப் புளித்த இட்லி மாவும், புளித்த கேழ்வரகுக் கூழும், முளைகட்டிய பாசிப்பயறும், கொண்டைக்கடலைச் சுண்டலும் இதற்காகவே மதிக்கத்தக்கவை. ஆனால் கடலையை எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள்.

எள்ளிலும் பூசணி விதையிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது, முந்திரியில் 5 மில்லிகிராமுக்கு மேல். கேட்க நிறையத் தெரிந்தாலும், ஒரு மேசைக்கரண்டி எள் என்பது 9 கிராம்தான். அதில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஆகவே எள்ளுப்பொடியை இட்லிக்குத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்தாமல், ஒரு கைப்பிடி வறுத்த பூசணி விதையை மாலையில் கொறிக்கலாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டிறைச்சி, நண்டு, ஈரல் எல்லாம் எளிதில் உறிஞ்சப்படும் துத்தநாகத்தைத் தரும். எள், முந்திரி, பருப்பு, ஈரல் ஆகியவற்றில் செம்பும் சேர்ந்தே கிடைக்கும், அதற்குத் தனி மாத்திரை தேவைப்படாது. செலினியம் முட்டையிலும் மீனிலும் போதுமான அளவுக்கு உண்டு. வைட்டமின் சிக்கு தினமும் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும்.

பால், தயிர், முட்டை, பருப்பு, கீரை என்று முறையாகச் சாப்பிடுபவருக்குத் துத்தநாகக் குறை வருவது குறைவு. தீட்டிய அரிசிச் சோறும் ரசமுமாகவே நாட்களைத் தள்ளும் விடுதி மாணவர்கள், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், உடல் எடை குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரையின் பயன் இவர்களுக்குத்தான் அதிகம்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பெரிய எழுத்தில் ‘ஜிங்க் 50’ என்று அச்சிட்டிருந்தால், அதில் 50 மில்லிகிராம் துத்தநாகம் இருப்பதாகத் தோன்றும். பல நேரம் அது உப்பின் எடை. உடம்புக்குக் கணக்கு அந்த உப்புக்குள் இருக்கும் தனித் துத்தநாகம், அதாவது ‘எலிமென்டல் ஜிங்க்’. ஜிங்க் அசிடேட் 50 மில்லிகிராமில் சுமார் 15 மில்லிகிராம்தான் துத்தநாகம். ஜிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராமில் வெறும் 7. ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 55 மில்லிகிராம் இருந்தால் 20 மில்லிகிராம் துத்தநாகம். கடையில் கூச்சப்படாமல், “அண்ணா, இதுல எலிமென்டல் ஜிங்க் எவ்வளவுன்னு பின்னாடி பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அங்கே எழுதாத மாத்திரையை வாங்காதீர்கள்.

வயதுவந்தவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் துத்தநாகத்தைத் தாண்டக்கூடாது என்பது பாதுகாப்பான எல்லை. உணவில் நாளுக்கு 10 மில்லிகிராம் போனால், மாத்திரைக்கு 30 மில்லிகிராம்தான் இடம். பரு ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்ததும் அந்த அளவே. பதின்வயதினருக்கு எல்லை இன்னும் குறைவு. அவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எப்படிச் சாப்பிடுவது

வெறும் வயிற்றில் துத்தநாகம் குமட்டும். மதிய உணவுக்குப் பின் சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கூடாது, ஒன்றையொன்று தடுக்கும்; இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் சாப்பிடுபவர்களும் இந்த இடைவெளியைக் காக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக் உடம்பில் ஒழுங்காகச் சேராது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் தள்ளியே எந்தத் தாது மாத்திரையையும் சாப்பிட வேண்டும்.

மூன்று மாதம் ஒரு நியாயமான தவணை. அதற்குள் பருவின் வேகம் தணியவில்லை என்றால் இன்னும் நீட்டுவதில் லாபமில்லை. அதிக அளவில் நீண்ட காலம் துத்தநாகம் சாப்பிட்டால் உடம்பில் செம்பு குறையும். இரத்தச்சோகை, வெள்ளை அணுக் குறைவு, கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது எல்லாம் வரலாம். அழகுக்காக ஆரம்பித்தது நரம்பில் போய் முடியக் கூடாது. ‘தோல், முடி, நகம்’ என்று விற்கும் கலவை மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் இருக்கும். அது தைராய்டு போன்ற சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்கு முன் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இயற்கை என்ற பெயரில் வருபவை

கடற்பாசி மாத்திரைகளில் அயோடின் மிகுதியாக இருக்கலாம். அயோடின் அளவு மீறினால் பருவையே கிளப்பும். செலினியம் மாத்திரையை நீங்களாகவே சேர்க்காதீர்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே அதில் தூரம் குறைவு, அளவு கூடினால் முடி கொட்டும், நகம் உடையும். சிலிகா மாத்திரை தழும்பைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உயர் அளவு பி12 ஊசியோ மாத்திரையோ எடுத்தபின் திடீரெனப் பரு கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிலருக்கு அது பருவைத் தூண்டும்.

சித்த மருத்துவத்தில் நாக பற்பம் துத்தநாகத்திலிருந்து செய்யப்படுகிறது. ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் ஈயம். நாட்டு மருந்துக் கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் எது கைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? பற்பமும் சிலாசத்து போன்ற தாது மருந்துகளும் பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் பார்த்து, அளவு சொல்லிக் கொடுத்தால் மட்டுமே வாயில் போட வேண்டியவை.

பூசுவதிலும் அப்படித்தான். முல்தானி மிட்டி எண்ணெய்ப் பசையை உறிஞ்சும், குழியை நிரப்பாது. படிகாரக் கல்லைத் தினமும் தேய்த்தால் தோல் காய்ந்து எரியும், அந்த எரிச்சலே புதுக் கறையாகும். எலுமிச்சைச் சாறும் ஆப்பச்சோடாவும் டூத் பேஸ்டும் வேண்டவே வேண்டாம். இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு: யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டாசோன் என்ற பெயர் ட்யூபில் இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் முகத்தில் பூசாதீர்கள். முதலில் பளிச்சென்று காட்டி, பிறகு பருவையும் தோல் மெலிவையும் கொண்டுவரும் அந்த கிரீமை விடுவதே பலருக்குப் பெரும்பாடாகிறது.

கறைக்கு உதவும் தாது, முகத்தின் மேல்

பருக்கறையை மங்கவைப்பதில் விழுங்கும் தாதுவைவிடப் பூசும் தாதுவுக்கு என் ஓட்டு. சன்ஸ்கிரீனில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. ஆனால் நம் நிறத்தில், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறையைக் கருக்கவைக்கும். அதைத் தடுக்க அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். ‘டின்டட்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். வெள்ளையாக மாவு பூசியதுபோல் தெரியும் என்ற குறையும் இதில் தீரும்.

எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கிரீமைப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு. வெளியே போகும் முன் பூசி, வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களும் பூசத்தான் வேண்டும், கண்ணாடியைத் தாண்டியும் கதிர் வரும். இதை விட்டுவிட்டு ஜிங்க் மாத்திரை மட்டும் சாப்பிடுபவரின் கறை, சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும்.

கறைக்கு மேலும் உதவி வேண்டுமென்றால் அசிலாயிக் ஆசிட் கிரீம் பற்றி மருத்துவரைக் கேளுங்கள். பருவுக்கும் கறைக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

பலனை எப்படி அளப்பது

தினமும் கண்ணாடி பார்த்து மாற்றம் தேடினால் மனச்சோர்வுதான் வரும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஜன்னலோரம், ஒரே நேரம், ஒரே பக்கத்து வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் மூன்று படம் எடுங்கள்: நேர், இடம், வலம். பக்கத்தில் புதுப் பரு எத்தனை என்று எழுதிவையுங்கள். மூன்று மாதத்தில் புதுப் பருவின் எண்ணிக்கை குறைந்திருந்தால் வழி சரி. கறை மங்க மூன்று முதல் பன்னிரண்டு மாதம் ஆகலாம். சிவப்புப் புள்ளிகளும் மெதுவாகவே போகும்.

குழி மிச்சமிருந்தால்

பரு அடங்கிச் சில மாதம் ஆன பிறகும் டார்ச் வெளிச்சத்தில் நிழல் விழுகிறது என்றால், அதற்கு வழி மருத்துவரின் கையில் இருக்கிறது. இழுத்தால் மறையும் அலைத் தழும்புக்கு, தோலுக்கு அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுவார்கள். அதற்கு சப்சிஷன் என்று பெயர். ஊசிக் குழிக்கு, குழிக்குள் மட்டும் துளி அமிலம் வைக்கும் முறை உண்டு. பெட்டிக் குழிக்கு மைக்ரோநீடிலிங், ஃபிராக்ஷனல் லேசர். பல தடவை போக வேண்டியிருக்கும், முழுதாக அழியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். தனியார் கிளினிக்கில் தொகை கட்டும் முன், பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். உங்களுடையது எந்த வகைத் தழும்பு, எந்தச் சிகிச்சைக்குப் பொருத்தம் என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும், ட்யூபையும், அந்த நான்கு வாரப் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஐசோட்ரெட்டினோயின் என்ற பரு மாத்திரை சாப்பிட்டிருந்தால் எப்போது நிறுத்தினீர்கள் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கெலாய்டு வந்திருந்தால் அதையும், லேசர் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.